பெயருக்குக் கொடுத்த லட்டு!



2002ஆம் ஆண்டு ஜூலை 18. அன்று காலையில் திருவண்ணாமலை தேரடி வீதியை ஒட்டிய என் கடைக்கு 5 கிலோ லட்டு வாங்கிக் கொண்டு போனேன். பை, பெல்ட், குடை, டார்ச் லைட் விற்கிற சின்னக் கடை அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டத்தை நம்பித்தான் அதில் பாதி வியாபாரம். அன்றைக்குப் பௌர்ணமியும் இல்லை, பெருநாளும் இல்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. டெல்லியில் ஓட்டு எண்ணிக் கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

முடிவு வந்தது. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் ஒருவரின் மகன், டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், 9,22,884 ஓட்டு மதிப்பு பெற்று இந்த நாட்டின் ஜனாதிபதி ஆனார். எதிர்த்து நின்றவருக்குக் கிடைத்தது 1,07,366. அந்த எதிர் வேட்பாளரின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. தெரிந்து கொள்ளும் ஆசையும் அன்று இல்லை. சகோதரர்களே, இந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருகிறேன்.

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் தாமே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாய், உங்க ஆளு நாட்டுக்கே ராஜாவாயிட்டார்!" என்றார். மறைப்பானேன்? எனக்குக் கண் கலங்கி விட்டது. ஐந்து மாதமாக நாம் எப்படி நடமாடினோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 27ல் கோத்ராவில் சபர்மதி எக்ஸ்பிரஸின் எஸ்-6 பெட்டி எரிந்து 59 பேர் மாண்டார்கள். மறுநாள் தொடங்கிக் குஜராத் எரிந்தது. மத்திய அரசே 2005ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி 790 முஸ்லிம்களும் 254 இந்துக்களும் கொல்லப்பட்டார்கள்; 223 பேரைக் காணவில்லை. மார்ச்சில் பொடா சட்டம் வந்தது. நம் ஊரில் யாரும் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் கடையில் ரேடியோவைச் சத்தமாக வைக்கக் கூடக் கூச்சமாக இருந்த காலம் அது.

அந்த நேரத்தில் ஒரு பெயர் வந்தது. அப்துல் கலாம்! தொப்புள்கொடி அறுத்த மண்ணும் நம் மண். பேசுகிற தமிழும் நம் தமிழ். இனிமேல் போலீஸ்காரர் நம்மைப் பார்க்கிற பார்வை மாறும், கொன்றவன் கூண்டில் ஏறுவான், பொடா குப்பைக்குப் போகும் என்றெல்லாம் நான் நம்பினேன். நீங்களும் நம்பினீர்கள். நம்பாதவர் இருந்தால் கை தூக்கட்டும்!

கலாம் அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் 2015 ஜூலை 27ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக் கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். பேய்க்கரும்பு மண்ணில் அடக்கமாகி விட்டார். நான் குறை சொல்வது லட்டு வாங்கியவனை. அதாவது என்னை. உங்களையும் சேர்த்துத்தான்.

நிறுத்தியவர் யார்?

முதல் கேள்வி. அந்தப் பெயரை மேசைக்குக் கொண்டு வந்தது யார்? நம் ஜமாஅத்தா? நம் கட்சிகளா? இல்லை. ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணி முதலில் முன்னிறுத்தப் பார்த்தது மகாராஷ்டிர கவர்னராக இருந்த பி.சி. அலெக்சாண்டரை. அது படியவில்லை. துணை ஜனாதிபதி கிருஷண்காந்தின் பெயர் அடிபட்டது. அதுவும் நிற்கவில்லை. முலாயம் சிங் யாதவ் கலாமின் பெயரைச் சொல்லி வந்தார். ஜூன் மாதம் அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக் கொண்டிருந்த கலாமுக்குப் பிரதமர் வாஜ்பாயியின் அழைப்பு வந்தது. காங்கிரஸ் ஆதரித்தது. தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்ட அதிசயமும் நடந்தது.

குஜராத்தின் ரத்தம் காயாத நேரம். உலகமே டெல்லியைப் பார்த்துக் கேள்வி கேட்ட நேரம். அப்போது ஒரு முஸ்லிம் பெயர் அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! இதைப் புரிந்து கொள்ள அரசியல் படித்திருக்க வேண்டியதில்லை. கடையில் பழைய சரக்கைத் தள்ளும்போது மேலே ஒரு புதுத் துணியைப் போர்த்தி வைப்போமே, அந்த வியாபாரம் தெரிந்தால் போதும். புதுத் துணி நல்ல துணிதான். அடியில் இருந்த சரக்கைத்தான் நாம் பார்க்கவில்லை.

இரண்டாவது கேள்வி. ஓட்டுப் போட்டது யார்? ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். 2002ல் ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 708. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 1971 ஜனத்தொகையை 234 தொகுதியால் வகுத்து, அதை 1,000ஆல் வகுத்து வந்த கணக்கு அது. திருவண்ணாமலை எம்.எல்.ஏ.வுக்கு 176. லட்டு வாங்கிய எனக்கு? பூஜ்யம்! நான் ஓட்டுப் போடாத தேர்தலில், நான் தேர்ந்தெடுக்காத வேட்பாளருக்காக, நான் வெற்றி விழாக் கொண்டாடினேன்.

அந்த 176 என் கையில் இல்லை. ஆனால் 176ஐக் கையில் வைத்திருக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு என் கையில் இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தல் நாளில் நான் கொள்முதலுக்குச் சென்னை சௌகார்பேட்டைக்குப் போய் விட்டேன். ஓட்டுப் போடவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது கேள்வி, அந்த நாற்காலியில் என்ன இருக்கிறது? அரசியல் சாசனத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது: ஜனாதிபதி மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். 1976ல் வந்த 42ஆவது திருத்தம் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கட்டாயமாக்கியது. 1978ல் வந்த 44ஆவது திருத்தம் ஒரே ஒரு சலுகை கொடுத்தது: ஒரு முறை திருப்பி அனுப்பி, மறுபடி யோசியுங்கள் என்று கேட்கலாம். மறுபடி வந்தால் கையெழுத்துத்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜனாதிபதியின் கையைக் கட்டிய அந்த 42ஆவது திருத்தத்துக்கு ஒப்புதல் கிடைத்த 1976 டிசம்பரில் ஜனாதிபதியாக இருந்தவர் யார்? பக்ருதீன் அலி அகமது!

அவர் காலத்தை நம் பிள்ளைகள் யாருக்கும் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் நம் மக்களின் வீடுகளைப் புல்டோசர் விட்டு இடித்தார்கள். எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. அங்கிருந்து ஜனாதிபதி மாளிகை எத்தனை தூரம்? ஒரே ஊர்! மாளிகையில் முஸ்லிம் ஜனாதிபதி; துர்க்மான் கேட்டில் புல்டோசர். இது தெரிந்திருந்தால் 2002ல் நான் கால் கிலோ லட்டோடு நிறுத்தியிருப்பேன்.

வீட்டுக்காரர் ஹாலில் மாட்டிய படம்

2003ல் என் மச்சான் ஆரணியிலிருந்து பிழைப்புக்காக நம் ஊருக்கு வந்தார். மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் வேலை. வாடகைக்கு வீடு தேடி இரண்டு பேரும் அலைந்தோம். ஒரு வீடு பிடித்திருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஹாலில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நிமிர்ந்து பார்த்தேன். டி.வி.க்கு மேலே பிரேம் போட்ட கலாம் படம்!

"வீடு காலியாத்தான் இருக்கு பாய். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. மாடியில இருக்கறவங்கதான் கறி வாசனை ஆகாதும்பாங்க" என்றார்.

மச்சான் விடவில்லை. "வாரத்துல ஒரு நாள்தாங்க. அதையும் தங்கச்சி வீட்லயே சாப்ட்டுக்கறோம்" என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வித்தியாசம் எல்லாம் கிடையாது. கலாம் ஐயா மேல உசுரையே வெச்சிருக்கேன், பாத்தீங்கள்ல?"

பார்த்தோம். எழுந்து வந்து விட்டோம். மச்சான் வழியெல்லாம் பேசவில்லை. செங்கம் சாலை முனையில் நின்று, "கலாம் வந்து வாடகைக்குக் கேட்டாலும் மாடி வீட்டுக்காரங்களக் கேட்டுத்தான் சொல்லுவாரோ?" என்றார். சிரித்தோம். அதைத் தவிர வேறென்ன செய்ய?

அந்த வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்ததைத்தான் கட்சிகள் பெரிய அளவில் செய்தன. 2015 ஆகஸ்டில் டெல்லியில் ஔரங்கசீப் சாலைக்கு அப்துல் கலாம் சாலை என்று பெயர் மாற்ற முடிவெடுத்தார்கள். இரண்டு முஸ்லிம் பெயரை எடுத்து ஒன்றை இன்னொன்றால் அடித்தார்கள்! 2017ல் பேய்க்கரும்பில் நினைவிடம் திறந்தபோது வீணை வாசிக்கும் சிலை. பக்கத்தில் செதுக்கிய பகவத் கீதை. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டு வந்து வைத்ததும் அதற்கொரு சர்ச்சை. இறந்த மனிதரின் பக்கத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்பதற்குக் கூட அனுமதி வேண்டியிருந்தது.

தொழுகையை எண்ணியவர்கள்

நம் பக்கத்துக் கூத்தையும் சொல்லி விடுகிறேன். இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று எத்தனை இரவு விவாதம் நடந்தது! "அவர் வீணை வாசிக்கிறாரே, கீதை படிக்கிறாரே, சைவம் சாப்பிடுகிறாரே, ஜும்ஆவுக்குப் போகிறாரா?" என்று ஒரு கூட்டம். "நம் இனத்தில் பிறந்த சிங்கம்" என்று இன்னொரு கூட்டம். நான் சிங்கக் கூட்டத்தில் இருந்தேன். இரண்டு கூட்டமும் விடிய விடியச் சண்டை போட்டது.

சகோதரர்களே, ஜனாதிபதி பதவி என்ன இமாமத் பதவியா? நாம் அவர் பின்னால் நின்று தொழப் போகிறோமா? அவருடைய தொழுகை அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. குடிமக்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. குஜராத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? பொடாவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? இந்தக் கேள்விகளை வாசலில் நின்ற இரண்டு கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதே ஜூலை 11ஆம் தேதி நம் மாநிலத்திலேயே வைகோவைப் பொடாவில் பிடித்துப் போட்டார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் வீணையைத்தான் பேசிக் கொண்டிருந்தோம்.

பொடா போனது எப்படி? ஜனாதிபதியின் பெயரால் அல்ல. 2004ல் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றினார்கள். புதிய அரசு செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டு வந்து நீக்கியது. அதில் கையெழுத்துப் போட்டவர் கலாம்தான். பொடா இருந்தபோதும் அதே ஜனாதிபதி. போனபோதும் அதே ஜனாதிபதி. மாறியது எங்கே என்று பாருங்கள்.

அவருக்குரிய நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பதவியேற்ற அடுத்த மாதமே அவர் குஜராத் போனார். இந்த நேரத்தில் அது அவசியமா என்று பிரதமர் கேட்டதாகவும், தாம் அதைக் கடமையாகக் கருதியதாகவும் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். 3 நிவாரண முகாம்கள், கலவரம் நடந்த 9 இடங்கள் என்று சுற்றிப் பார்த்தார். 2006ல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பும் துணிச்சலும் அவருக்கு இருந்தது. மறுபடி வந்தபோது கையெழுத்துப் போட்டார். 2005ல் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் உத்தரவுக்கு மாஸ்கோவில் இருந்தபடி நள்ளிரவில் ஒப்புதல் கொடுத்தார். அது சாசனத்துக்கு விரோதம் என்று உச்சநீதிமன்றம் பிற்பாடு சொன்னது. நல்ல மனிதர் ஒருவர் அந்த நாற்காலியில் எவ்வளவு செய்யலாம், எவ்வளவு செய்ய முடியாது என்பதற்கு இந்த நாலு செய்தியும் போதும்.

"அதிகாரம் உள்ள ஜனாதிபதியாக இருந்தால்?" என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. 2008ல் பராக் ஹுசைன் ஒபாமா நின்றபோது அந்த நடுப் பெயரைப் பார்த்து நம் தெருவில் கூட ஒரு புல்லரிப்பு இருந்தது. 2009 ஜூன் 4ல் கெய்ரோவில் அஸ்ஸலாமு அலைக்கும் சொன்னார், கை தட்டினோம். அதற்கு முன் ஜனவரியில் குவாண்டனாமோ சிறையை ஓராண்டுக்குள் மூடுவேன் என்று உத்தரவு போட்டிருந்தார். 8 ஆண்டு முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோதும் அந்தச் சிறை திறந்தே இருந்தது. இலங்கையில் கொரோனாவில் இறந்த நம் சகோதரர்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்த கொடுமையை மறக்க முடியுமா? அந்த ஆட்சியாளர்கள் மேல் இருந்த வெறுப்பில் 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்கவை நம்பி ஓட்டுப் போட்டவர்களில் முஸ்லிம்களும் உண்டு. நவம்பரில் அவர் அமைத்த 21 பேர் மந்திரிசபையில் ஒரு முஸ்லிம் கூட இல்லை. அங்குள்ள சகோதரர்கள் லட்டு சாப்பிட்டு விட்டுத் தூங்கவில்லை. மறுநாளே கேள்வி கேட்டார்கள். அந்தப் பழக்கம் நமக்கு வேண்டும்.

அடையாளம் வைத்த இடத்துக்கு வருவோம்

எதிர்த்து நின்றவர் யார்? கேப்டன் லட்சுமி சேகல். 1914ல் சென்னையில் பிறந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1984ல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் சீக்கியர்களைத் தாக்க வந்த கூட்டத்துக்கு எதிரே தம் தெருவில் நின்றவர். அதே ஆண்டு டிசம்பரில் போபால் விஷவாயுவில் மக்கள் மடிந்தபோது மருத்துவக் குழுவோடு ஓடியவர். 2002ல் அவருக்கு வயது 87.

தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே இடதுசாரிகள் அவரை நிறுத்தினார்கள். குஜராத்தையும் மதவெறியையும் பேசுவதற்கு ஒரு மேடை வேண்டும் என்று நிறுத்தினார்கள். ஆக, அந்தத் தேர்தலில் இரண்டு தமிழர்கள் நின்றார்கள். ஒருவர் பெயர் நம் பெயர். இன்னொருவர் பேச்சு நம் பேச்சு! 790 ஜனாஸாக்களைப் பற்றி யாருடைய அணி பேசியதோ அந்தக் கிழவியின் பக்கம் நான் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. ஏன்? பெயர் லட்சுமி. நம்மைப் பெயர் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்று மேடை மேடையாகக் குமுறுகிறோமே, நான் செய்தது என்ன?

கதை இதோடு முடியவில்லை.

பில்கீஸ் பானுவை உங்களுக்குத் தெரியும். 2002 மார்ச் 3ல் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தவரைக் கூட்டமாகச் சேர்ந்து சீரழித்தார்கள். மூன்று வயது மகளைக் கொன்றார்கள். உள்ளூர்ப் போலீஸ் 2003ல் வழக்கையே மூடியது. ஜனாதிபதி முகாம்களைப் பார்த்து விட்டுப் போய் ஓராண்டு கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். பில்கீஸ் விடவில்லை. மனித உரிமை ஆணையத்துக்குப் போனார், உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 2003 டிசம்பரில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வந்தது. 2004ல் வழக்கு மும்பைக்கு மாறியது. 2008 ஜனவரியில் 11 பேருக்கு ஆயுள் தண்டனை. எழுத்துப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண் தன் கணவரோடு வீடு மாற்றி வீடு மாற்றி ஒளிந்து வாழ்ந்து கொண்டே வாங்கிய தீர்ப்பு அது.

2022 ஆகஸ்ட் 15. நாடு 75 ஆண்டு சுதந்திரம் கொண்டாடிய அதே நாளில் அந்த 11 பேரையும் குஜராத் அரசு விடுதலை செய்தது. சிறை வாசலில் இனிப்புக் கொடுத்து வரவேற்றார்கள். டி.வி.யில் அந்த இனிப்பைப் பார்த்தபோது எனக்கு என் லட்டு ஞாபகம் வந்தது. ஏன் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த விடுதலையை எதிர்த்து முதலில் உச்சநீதிமன்றப் படியேறியவர்கள் யார்? பத்திரிகையாளர் ரேவதி லால், பேராசிரியர் ரூப் ரேகா வர்மா, அவர்களோடு கான்பூரின் முன்னாள் எம்.பி. சுபாஷினி அலி. தனியாக மனுப் போட்டவர் எம்.பி. மஹுவா மொய்த்ரா. நவம்பரில் பில்கீஸே மனுப் போட்டார். 2024 ஜனவரி 8ல் நீதிபதிகள் நாகரத்னாவும் உஜ்ஜல் புயானும் அந்த விடுதலையை ரத்து செய்தார்கள். தீர்ப்பு பில்கீஸின் மனுவில்தான் வந்தது. மற்றவர்களின் மனு செல்லுமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. ஆனால் அவர் மூச்சு வாங்கி எழுந்து நிற்பதற்குள் அவருக்காகக் கதவைத் தட்டியவர்கள் அந்தப் பெண்கள்.

சுபாஷினி அலி யாருடைய மகள்? கேப்டன் லட்சுமி சேகலின் மகள்.

2002ல் நான் திரும்பிப் பார்க்காத வேட்பாளரின் வீட்டிலிருந்து, 20 ஆண்டு கழித்து, என் சகோதரிக்காக ஒருவர் நீதிமன்றம் போயிருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்த அன்று கடையைச் சீக்கிரமே மூடி விட்டேன்.

கேப்டன் லட்சுமி 2012 ஜூலை 23ல் காலமானார். நம் பத்திரிகைகளில் எத்தனை வரி எழுதினோம்? பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள்.

இன்றைய கணக்கு

கலாமைக் கொண்டு வந்த கட்சி அதே முறையை மற்றவர்களுக்கும் செய்தது. ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தது 2016 ஜூலையில். ராம்நாத் கோவிந்தை வேட்பாளர் ஆக்கியது 2017 ஜூனில். 2022ல் பழங்குடிப் பெண் திரௌபதி முர்மு வந்தார்; 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தைத் திறந்தவர் பிரதமர், ஜனாதிபதி அல்ல. நம் விஷயத்திலோ பெயருக்கு ஒருவர் என்ற நாகரிகமும் போய் விட்டது. 2022 ஜூலையில் முக்தார் அப்பாஸ் நக்வி விலகினார். அதோடு மத்திய மந்திரிசபையில் ஒரு முஸ்லிமும் இல்லை. 2024ல் பதவியேற்ற மந்திரிசபையிலும் இல்லை.

நம் மாநிலத்திலும் மகிழ்ந்து கொள்ள ஒன்றும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் தொகையில் நாம் 5.86 சதவீதம். 234க்கு 13 பேராவது வர வேண்டும். 2021ல் வென்றவர்கள் 7 பேர். தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணித் தலைவர்கள் வீட்டு வாசலில் நம் தலைவர்கள் நிற்கிறார்கள். இரண்டு சீட்டு, மூன்று சீட்டு வாங்கி வந்து மாலை போட்டுக் கொள்கிறார்கள். அதிலும் மூன்று அமைப்பு, நான்கு பிரிவு, ஒருவர் மேல் ஒருவர் நோட்டீஸ்!

உருப்படியாக வந்தது என்ன? 2007ல் வந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடு. அது ஜனாதிபதி மாளிகையில் பிறக்கவில்லை. மாநாடு, ஊர்வலம், மறியல் என்று வேனிலும் லாரியிலும் ஏறிப் போய் வெயிலில் நின்றவர்கள் வாங்கியது. கலைஞர் அரசு சட்டமாக்கியது. சச்சார் குழு 2006 நவம்பரில் நம் நிலையை ஊருக்குச் சொன்ன பிறகு மறுக்கவும் முடியவில்லை. என் மூத்த மகள் நர்சிங் படித்தது பி.சி.எம். என்று போட்ட அந்தச் சான்றிதழை வைத்துத்தான். அந்த ஊர்வலத்துக்கு வேன் கிளம்பியபோது நான் போகவில்லை. அன்று பௌர்ணமி, கடையில் கூட்டம். நான் லட்டு வாங்கிய இடத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் போகாத ஊர்வலம் என் மகளைப் படிக்க வைத்தது.

அடுத்த ஜனாதிபதி தேர்தல் 2027 ஜூலையில் வருகிறது. யாராவது ஒரு பெயரை எடுத்து வருவார்கள். அது நம் பெயராகவும் இருக்கலாம். அந்தக் கலாம் படத்தை என் கடையில் இன்னும் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். அதற்குப் பக்கத்தில் ஜான்சி ராணிப் படை உடுப்பில் இருக்கிற ஒரு பெண்ணின் படத்தையும் மாட்டியிருக்கிறேன். கிரிவலம் வருகிறவர்கள், "யாரு பாய் இவங்க?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். நம்மவர்கள் வந்தாலும் அதே கேள்விதான் கேட்கிறார்கள்.

2027ல் நீங்கள் என் கடைக்கு வந்து, "நம்ம ஆளு நிக்கிறாரு அண்ணே, லட்டு சொல்லிடலாமா?" என்று கேட்பதாக இருந்தால், ஒன்றை மட்டும் விசாரித்துக் கொண்டு வாருங்கள். 2022 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அந்த வேட்பாளர் எங்கே இருந்தார், வாயைத் திறந்தாரா? பதில் வந்த பிறகு கடைக்காரரிடம் பேசிக் கொள்ளலாம்.